மெந்தால் சிகரெட் புகையை ஆய்வகத்தில் எப்படி அளக்கிறார்கள்? அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

தேன்கூடு:
எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. பகுப்பாய்வு வேதியியல், இரண்டாம் ஆண்டு. செமினாருக்கு மெந்தால் சிகரெட் புகைப் பரிசோதனையை எடுத்திருக்கிறேன். படித்த வரைக்கும் புரிந்தது இதுதான்: ஒரு மெஷின் சிகரெட்டை இழுக்கும், புகை ஒரு வடிதாளில் படியும், அதை எடைபோட்டு, கரைத்து, ஜிசியில் (கலவையை ஆவியாக்கிப் பொருள் பொருளாகப் பிரித்து அளக்கும் கருவி) ஓட்டுவார்கள். சாதா சிகரெட்டுக்கும் மெந்தாலுக்கும் இதில் என்ன வித்தியாசம் என்ற இடத்தில் நிற்கிறேன். மெந்தாலுக்கென்று தனி மெத்தட் உண்டா? இரண்டு பாக்கெட்டிலும் தார் 10 மி.கி. என்று இருந்தால் இரண்டு புகையும் ஒன்றுதானா? இந்த வேலையைக் கையால் செய்தவர்கள் யாராவது இருந்தால் விளக்குங்கள்.

பிப்பெட்:
தம்பி, நல்ல தலைப்பு. ஐரோப்பாவில் ஒரு தனியார் ஆய்வகத்தில் இதே வேலையில் பல வருஷம் இருந்தேன். அடிப்படையிலிருந்தே வருகிறேன்.

ஸ்மோக்கிங் மெஷின் இரண்டு வகை. ஒன்றில் சிகரெட்டுகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொரு வாய்க்கும் தனியாக 44 மி.மீ. கண்ணாடி இழை வடிதாள் இருக்கும். இன்னொன்று சுற்றும் மேடை. அதில் எல்லா சிகரெட்டின் புகையும் ஒரே 92 மி.மீ. தாளுக்கு வரும். இந்தத் தாளுக்கு கேம்பிரிட்ஜ் ஃபில்டர் என்று பெயர், லேபில் பேட் என்போம். மிக நுண்ணிய துகள்களில்கூட 99.9 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அதற்கான விதி.

சர்வதேசத் தர அமைப்பின் விதி ஐஎஸ்ஓ 3308 சொல்லும் இழுப்பு: 35 மில்லி, 2 விநாடி, நிமிஷத்துக்கு ஒன்று. ஃபில்டரைச் சுற்றிய தாளில் இருக்கும் காற்றுத் துளைகளை மூடக்கூடாது. இழுப்பின் வடிவம் மணி மாதிரி ஏறி இறங்க வேண்டும். சிகரெட் வாய்ப்பிடிக்குள் 9 மி.மீ. போக வேண்டும். பக்கத்தில் ஓடும் காற்றின் வேகத்துக்குக்கூட அளவு உண்டு. அதற்கு முன்னால் சிகரெட்டை 22 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்தில் குறைந்தது 48 மணி நேரம் திறந்து வைக்க வேண்டும். இதுதான் கண்டிஷனிங். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள், மெந்தாலில் தகராறு இங்கேதான் ஆரம்பிக்கும்.

புகைத்து முடிந்ததும் பேட் பிடிப்பானை எடைபோட்டால் மொத்தத் துகள் எடை கிடைக்கும். பிறகு பேடை ஐசோபுரோப்பனாலில் போட்டுக் குலுக்குவோம், 44க்கு 20 மில்லி, 92க்கு 50 மில்லி. அந்தக் கரைசலிலிருந்து நிகோடினையும் தண்ணீரையும் ஜிசியில் அளப்போம். மொத்த எடையில் இந்த இரண்டையும் கழித்தால் மிச்சம் தார். தார் என்று ஒரு பொருளை யாரும் நேரடியாக அளப்பதில்லை, அது கழித்து வரும் மிச்சம். மெந்தாலை யாரும் கழிப்பதில்லை. அதனால் மெந்தால் தாருக்குள் உட்கார்ந்துவிடுகிறது.

ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். மொத்தம் 12 மி.கி., தண்ணீர் 1.2, நிகோடின் 0.8. தார் 10. அந்தப் பத்துக்குள் அரை மி.கி. மெந்தால் இருந்தால், சாதா சிகரெட்டின் 10ம் இதன் 10ம் ஒரே பொருட்களால் ஆனவை அல்ல. உன் கடைசிக் கேள்விக்குப் பதில் இது. புகையில் மெந்தாலை மட்டும் அளக்க ஐஎஸ்ஓ 13110 என்று தனி முறை இருக்கிறது. அதே பேட், அதே கரைசல், ஜிசி வரைபடத்தில் இன்னொரு பீக், அதாவது முகடு. கருவி வேலையில் பெரிய சிரமம் ஒன்றும் கிடையாது.

சுருளி:
நான் வேதியியல் ஆள் இல்லை, லாரி ஷெட்டில் கணக்கு எழுதுகிறேன். மெந்தால் சிகரெட்தான் பிடிக்கிறேன். தொண்டை எரியாது, இருமல் வராது, அதனால் கெடுதல் கம்மி என்று கடைக்காரர் முதல் கூட்டாளி வரை எல்லாரும் சொல்கிறார்கள். மெஷின் வைத்து அளந்தால் உண்மையிலேயே கம்மியாகத்தான் வருமா? நேராகப் பதில் சொல்லுங்க.

மூச்சுக்குழல்:
சுருளி அண்ணே, நேராகவே சொல்கிறேன். இல்லை. நுரையீரல் பிரிவில் வேலை பார்க்கிறேன்.

தொண்டை நரம்பில் குளிரை உணர்வதற்கென்று ஒரு புரதம் இருக்கிறது, டிஆர்பிஎம்8 என்று பெயர். 2002ல் டேவிட் ஜூலியஸ் குழுவும் ஆர்டெம் படபூட்டியன் குழுவும் தனித்தனியாக அதைக் கண்டுபிடித்தார்கள். 2021 நோபல் பரிசு அந்த இருவருக்கும். குளிர்ந்த காற்று பட்டால் திறக்கும் அதே கதவை மெந்தாலும் திறக்கிறது. நரம்பு "குளிர்ச்சி" என்று மூளைக்குச் சொல்லும்போது, புகையின் எரிச்சல் உணர்வு அமுங்கிப்போகிறது. எரிச்சலைத் தருகிற பொருட்கள் அப்படியே உள்ளே போகின்றன. உடம்பின் எச்சரிக்கை மணிதான் அடங்குகிறது.

அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அறிவியல் ஆலோசனைக் குழு 2011லும், எஃப்டிஏவே 2013லும் இதை அலசினார்கள். மெந்தால் இருந்தால் இளவயதினர் பழகுவது எளிதாகிறது, விடுவது கடினமாகிறது என்பதுதான் அவர்கள் வந்து சேர்ந்த இடம். புகையின் நச்சு கூடுகிறதா குறைகிறதா என்பதை வைத்து அந்த முடிவுக்கு வரவில்லை. மெஷினுக்குத் தொண்டை கிடையாது. அதனால் மெந்தால் செய்கிற முக்கியமான வேலை எதுவும் பேடில் பதியாது.

விடுவதற்கு உதவி வேண்டுமென்றால் அரசு மருத்துவமனைப் புறநோயாளிகள் பிரிவில் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை அண்ணே.

கிரோமட்டோ:
டாக்டர் சொன்னதில் மறுப்பில்லை. ஆனால் "நச்சு கூடவில்லை" என்று யாரும் இதைப் படித்துவிட்டுப் போகக்கூடாது. 1968ல் ஷ்மெல்ட்ஸ், ஷ்லாட்ஸ்ஹவர் இருவரும் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை இருக்கிறது. மெந்தாலை 860 டிகிரியில் சிதைத்தபோது புற்றுநோய் தரும் பென்சோ(ஏ)பைரீன் வந்தது, ஃபீனால்களும் வந்தன. சிகரெட் கங்கு இழுக்கும்போது 900 டிகிரியை ஒட்டிப் போகிறது. அப்படியானால் மெந்தால் சேர்த்த புகையில் புற்றுநோய்ப் பொருள் கூட வேண்டாமா?

பிப்பெட்:
கிரோமட்டோ, அந்தக் கட்டுரையை நானும் படித்திருக்கிறேன். அவர்கள் அளந்தது சரி. ஆனால் சிகரெட்டுக்குள் மெந்தால் போகிற வழி வேறு.

மெந்தாலின் கொதிநிலை 212 டிகிரி. உருகுநிலை 42ஐ ஒட்டி. கங்கு ஒரு மி.மீ. நகர்வதற்கு முன்னாலேயே, அதன் பின்னால் இருக்கிற புகையிலை 200 டிகிரிக்குச் சூடாகிவிடும். அந்த இடத்திலேயே மெந்தால் ஆவியாகி, இழுக்கும் காற்றோடு ஃபில்டர் பக்கம் ஓடிவிடுகிறது. 860 டிகிரியைப் பார்க்கும் வரை அது அங்கே காத்திருப்பதில்லை. குழாயில் அடைத்துச் சூடாக்கினால் ஓட வழியில்லை, சிதைகிறது.

1970ல் ஜென்கின்ஸ், நியூமன், சாவிஸ் மூவரும் கார்பன்-14 ஏற்றிய மெந்தாலை சிகரெட்டில் வைத்துப் புகைத்தார்கள். வாய்ப்பக்கம் வந்த புகையில் இருந்த கதிரியக்கத்தில் சுமார் 99 சதவீதம் மெந்தாலாகவே இருந்தது, சிதையாமல். கதிரியக்கக் குறியீடு வைத்தால் ஒளிக்க முடியாது. எந்தப் பொருளாக மாறினாலும் அந்தக் கார்பன் எங்கே போனது என்று காட்டிவிடும்.

கிரோமட்டோ:
அந்த மூவரும் ஃபிலிப் மோரிஸ் ஆய்வகத்துக்காரர்கள். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிப்பெட்:
கட்டாயம் சொல்ல வேண்டும். சிகரெட் கம்பெனி ஆய்வு என்றால் இரண்டு தடவை பார்க்க வேண்டியதுதான். ஆனால் கொதிநிலையும் வெப்பச் சரிவும் யாருடைய சம்பளப் பட்டியலிலும் இல்லை. ஆவியாகித் தப்பிக்கிற பொருட்கள் எல்லாமே இப்படித்தான் நடந்துகொள்கின்றன. தேன்கூடு, செமினாரில் இந்த இரண்டு கட்டுரைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வை. ஒரே மூலக்கூறு, இரண்டு ஏற்பாடு, இரண்டு விடை. பரிசோதனை ஏற்பாடு என்றால் என்ன என்று வகுப்பில் இதைவிட நன்றாகக் காட்ட முடியாது.

இப்போது கண்டிஷனிங்குக்கு வருகிறேன். நான் இந்த இழையில் சொல்ல நினைத்தது இதைத்தான்.

மெந்தாலை எங்கே சேர்க்கிறார்கள் என்று பாருங்கள். வெட்டின புகையிலையில் ஆல்கஹாலில் கரைத்துத் தெளிக்கலாம். பாக்கெட்டின் உள்பக்க அலுமினியத் தாளில் தடவலாம். ஃபில்டருக்குள் நூலாக வைக்கலாம், உடைக்கிற குளிகையாக வைக்கலாம். எங்கே வைத்தாலும் சில வாரங்களில் அது புகையிலை, தாள், ஃபில்டர் என்று எல்லா இடத்துக்கும் பரவிவிடுகிறது. பீரோவின் ஒரு மூலையில் போட்ட அந்துருண்டை எல்லாப் புடவையிலும் மணக்கிற மாதிரி.

அப்படிப்பட்ட பொருளைத் தட்டில் பரப்பி, காற்றோட்டம் உள்ள அலமாரியில் 48 மணி நேரம் திறந்து வைக்கச் சொல்கிறது விதி. வைத்தால் மெந்தால் போகிறது. வைக்காவிட்டால் ஈரப்பதம் ஒரு நிலைக்கு வராது. ஈரம் மாறினால் எரியும் வேகம் மாறும், இழுப்புகளின் எண்ணிக்கை மாறும், தார், நிகோடின் எல்லாமே மாறும். இரண்டில் எதையாவது ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அது மட்டுமில்லை. ஒரு ஆய்வகத்திலிருந்து வந்த மாதிரிகளைப் பரிசோதித்தபோது மெந்தால் கலக்காத சிகரெட்டில் மெந்தால் பீக் தெளிவாக நின்றது. ஜிசியைச் சுத்தம் செய்தோம், கரைப்பானை மாற்றினோம், பீக் போகவில்லை. கடைசியில் கேட்டால், இரண்டு வகையையும் ஒரே அலமாரியில் மேல்தட்டு கீழ்த்தட்டாக வைத்திருந்திருக்கிறார்கள். அந்தக் கதவைத் திறந்தாலே மூக்கில் ஏறியிருக்கும். சாதா சிகரெட் மெந்தாலைக் குடித்திருந்தது, மெந்தால் சிகரெட் இழந்திருந்தது. இரண்டு எண்ணும் தப்பு. கருவியில் எந்தக் கோளாறும் கிடையாது.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மெந்தால் அளவீட்டில் ஜிசி கடைசிக் கட்டம், அதற்குள் எண்ணின் தலையெழுத்து முடிந்துவிடுகிறது. வாங்கிய தேதி, பாக்கெட் சீல், எந்தப் பெட்டியில் எத்தனை டிகிரியில் வைத்தார்கள், தட்டில் எவ்வளவு நேரம் கிடந்தது, புகைத்த பேடைக் கரைப்பானில் போட எவ்வளவு தாமதம் ஆனது, இதையெல்லாம் எழுதாத ரிப்போர்ட்டில் வரும் மெந்தால் எண்ணை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தேன்கூடு:
அண்ணா, அப்படியென்றால் என்ன செய்வது? கண்டிஷனிங் செய்யவும் வேண்டும், செய்யவும் கூடாது என்றால்?

பிப்பெட்:
செய்ய வேண்டும். ஆனால் தனி அலமாரி, அதில் வேறு எந்த வகையும் கூடாது. கூடவே புகையிலையில் இருக்கும் மெந்தாலை இரண்டு தடவை அள. சீல் உடைத்த உடனே ஒரு தடவை, 48 மணி நேரம் கழித்து ஒரு தடவை. புகையிலையையும் ஃபில்டரையும் பிரித்துத் தனித்தனியாகக் கரைக்க வேண்டும். புகையிலைக்கு எம்டிபிஇ மாதிரியான கரைப்பானில் எடுத்து ஜிசி-மாஸில் (மூலக்கூறை அதன் நிறையை வைத்து அடையாளம் காட்டும் ஜிசி) ஓட்டுகிறார்கள். இந்த மூன்று எண்ணையும், அதாவது புதுசில், கண்டிஷனிங்குக்குப் பிறகு, புகையில், சேர்த்துக் கொடுத்தால்தான் எவ்வளவு இருந்தது, எவ்வளவு போனது, எவ்வளவு வாய்க்கு வந்தது என்று படிப்பவருக்குத் தெரியும்.

இன்னொன்று. பேடில் பிடித்த மெந்தால் எல்லாம் பேடிலேயே இருக்கும் என்று நினைக்காதே. அடுத்தடுத்த இழுப்புகளின் காற்று அதன் மேல் ஓடிக்கொண்டே இருக்கிறது. மெந்தால் பலமாக இருக்கிற குளிகை சிகரெட் என்றால், பேடுக்குப் பின்னால் குளிர்ந்த ஐசோபுரோப்பனால் புட்டி ஒன்றை வைத்துப் பார். அதில் மெந்தால் வந்தால், தப்பித்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

நீலவானம்:
நெதர்லாந்தில் இருந்து எழுதுகிறேன். 35 மில்லி விஷயத்தை பிப்பெட் சார் ஒரு வரியில் தாண்டிவிட்டார், எனக்கு அங்கேதான் கோபம்.

அந்த அளவு 1936ல் அமெரிக்கன் டொபாக்கோ ஆய்வகத்தில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்ட அளவு. 1967ல் அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் கிட்டத்தட்ட அதையே அரசு முறையாக்கியது. பிறகு ஃபில்டர் தாளில் நுண்துளைகள் வந்தன. மெஷின் இழுக்கும்போது துளை வழியாக வெளிக்காற்று புகுந்து புகையை நீர்க்க வைக்கும், எண் குறையும். ஆள் பிடிக்கும்போது விரலும் உதடும் அந்தத் துளைகளை மூடும், போதாவிட்டால் ஆழமாக, அடிக்கடி இழுப்பார். லைட், அல்ட்ரா லைட் எல்லாம் இப்படித்தான் பிறந்தன. 2008ல் ஃபெடரல் டிரேட் கமிஷன் அந்த வழிகாட்டுதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 மி.கி. தார், 1 மி.கி. நிகோடின், 10 மி.கி. கார்பன் மோனாக்சைடு என்ற உச்சவரம்பை இன்னும் அந்த ஐஎஸ்ஓ முறையிலேயே அளக்கிறார்கள்.

2018ல் இங்குள்ள அரசுப் பொதுச் சுகாதார ஆய்வு நிறுவனமான ஆர்ஐவிஎம் 100 வகை சிகரெட்டுகளைக் கனடா தீவிர முறையில் அளந்தது. 55 மில்லி, 30 விநாடிக்கு ஒரு இழுப்பு, துளைகள் முழுக்க மூடி. அநேகமாக எல்லாமே வரம்பைத் தாண்டின. இளைஞர் புகையிலைத் தடுப்பு அமைப்பு ஒன்று வழக்குப் போட்டு, ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2022 பிப்ரவரி தீர்ப்பில் நீதிமன்றம் கவனித்த ஒரு விஷயம் எனக்கு மறக்காது: சட்டம் சுட்டிக்காட்டும் அந்த ஐஎஸ்ஓ ஆவணம் அரசிதழில் வெளியாகவே இல்லை. காசு கொடுத்து வாங்கினால்தான் படிக்க முடியும். பொது ஜனத்தைக் காக்கும் வரம்பை எப்படி அளக்கிறார்கள் என்பதைப் பொது ஜனம் படிக்க முடியாது!

பிப்பெட்:
நீலவானம், துளை விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் தீவிர முறையும் மனிதர் அல்ல. எந்த மனிதரும் எல்லாத் துளையையும் எப்போதும் மூடி, அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை 55 மில்லி இழுப்பதில்லை. நடுவில் மாசசூசெட்ஸ் முறை ஒன்றும் இருந்தது: 45 மில்லி, 30 விநாடி, பாதித் துளை மூடல். மூன்றும் மூன்று அளவுகோல், எதுவும் வாய் இல்லை. ஐஎஸ்ஓவும் 2018ல் தீவிர முறையை 20778 என்று தனித் தரமாக எடுத்துக்கொண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வகக் கூட்டமைப்பு, டாப்லாப்நெட், 2012லேயே அதை முதல் செய்முறையாக வெளியிட்டது. அதை இலவசமாகப் படிக்கலாம்.

தீவிர முறையில் தண்ணீர்த் தொல்லை இருக்கிறது. துளை மூடினால் புகை சூடாக வரும், ஈரம் அதிகம் வரும். பேட் நனைந்துபோகும். 44 பேடில் 150 மி.கி.க்கு மேல் ஏற்றக்கூடாது, அதனால் ஐந்துக்குப் பதில் மூன்று சிகரெட்டோடு நிறுத்துவோம். பேடைத் திறந்து எடுக்கிற நேரத்தில் கொஞ்சம் தண்ணீர் காற்றில் போனாலும் கணக்கு அதைத் தார் என்று எழுதிவிடும். பிடிப்பானின் ஓரத்தில் ஒட்டிய துளிகளை சுத்தமான பேட் துண்டால் துடைத்து அதையும் கரைப்பானில் போடுவோம். கையுறை இல்லாமல் தொட்டால் விரலின் ஈரமே எடையில் ஏறும்.

நீலவானம்:
அளவுகோல் மனிதர் இல்லை என்பதற்காக, கம்பெனிக்கு வசதியான அளவுகோலே இருக்கட்டும் என்று விடலாமா?

பிப்பெட்:
விடக்கூடாது. இரண்டு முறையிலும் அளந்து இரண்டையும் வெளியிட வேண்டும். அமெரிக்க எஃப்டிஏ 2012ல் 93 தீங்கான பொருட்களின் பட்டியலைப் போட்டபோது, மென்மையான முறை (அந்த 35 மில்லி ஐஎஸ்ஓ முறை), தீவிர முறை இரண்டிலும் எண் கேட்டது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே அந்த சிகரெட்டில் துளை எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். அந்த 93ல் மெந்தால் இல்லை என்பதையும் தேன்கூடு குறித்துக்கொள்ளட்டும்.

மெந்தாலும் துளையும் சேர்கிற இடம் ஒன்று இருக்கிறது. 2005ல் வெளியான ஆய்வில் அமெரிக்க மெந்தால் சிகரெட் 48 துணைப் பிராண்டுகளை அளந்தார்கள். அல்ட்ரா லைட் வகையில்தான் மெந்தால் கூடுதலாக இருந்தது. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். துளை வழியாகக் காற்று புகுந்து புகை நீர்த்தால் மெந்தாலும் நீர்க்கும், குளிர்ச்சி குறையும். அதை ஈடுகட்டக் கூடுதலாகப் போட வேண்டியிருக்கும். தார் எண் குறைந்த பாக்கெட்டில் மெந்தால் கூடியிருக்கிறது. டாக்டர் சொன்ன எச்சரிக்கை மணியை அமுக்கும் வேலை, "லைட்" என்று விற்றதில் கூடுதலாக நடந்திருக்கிறது.

மூச்சுக்குழல்:
இது எனக்குப் புதுத் தகவல். என்னிடம் வருகிறவர்களில் "லைட்டுக்கு மாறிட்டேன் டாக்டர்" என்று நிம்மதியாகச் சொல்கிறவர்கள் நிறைய. இதை அவர்களிடம் சொல்லப் போகிறேன். நன்றி பிப்பெட்.

சாலினாஸ்_குமார்:
கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். இங்கே 2022 டிசம்பர் 21 முதல் மெந்தால் சிகரெட் விற்கக் கூடாது. ஆனால் தடை வந்த கையோடு "மெந்தால் இல்லை" என்று புதுப் பாக்கெட்டுகள் வந்தன. பழைய பச்சை நிறச் சாயல், பழைய பெயரின் சாயல், பிடிக்கிறவர்கள் "அதே குளிர்ச்சி" என்கிறார்கள். பரிசோதனையில் மெந்தால் வராவிட்டால் கம்பெனி சொல்வது உண்மைதானா?

கிரோமட்டோ:
மெந்தால் இல்லை என்பது உண்மையாக இருக்கலாம். குளிர்ச்சி இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை.

2023ல் சாய்ராம் ஜப்பா, ஸ்வென்-எரிக் ஜோர்ட் குழுவினர் கலிஃபோர்னியாவிலும் மாசசூசெட்ஸிலும் விற்ற அந்தப் புது சிகரெட்டுகளை வாங்கிச் சோதித்து ஜாமா இதழில் எழுதினார்கள். பலவற்றில் டபிள்யூஎஸ்-3 என்ற செயற்கைக் குளிரூட்டி இருந்தது. மெந்தாலின் எலும்புக்கூடுதான், ஆல்கஹால் குழுவுக்குப் பதில் அமைடு குழு. வாசனை இல்லை, குளிர்ச்சி மட்டும் உண்டு. அவர்கள் செய்த அழகான காரியம் என்னவென்றால், ஜிசி-மாஸோடு நிறுத்தவில்லை. டிஆர்பிஎம்8 இருக்கும் செல்களில் அந்தச் சாற்றை விட்டு, அந்தக் கதவு திறக்கிறதா என்றும் பார்த்தார்கள். டாக்டர், "மெஷினுக்குத் தொண்டை கிடையாது" என்றீர்களே, அந்தத் தொண்டையில் ஒரு துளியை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

இதுதான் இனி வர வேண்டிய முறை என்று நினைக்கிறேன். பெயர் தெரிந்த பொருளைத் தேடும் பரிசோதனையில் தேடாதது கிடைக்காது. நாளைக்கு டபிள்யூஎஸ்-3ஐத் தடுத்தால் டபிள்யூஎஸ்-23 வரும், அதற்கும் அடுத்தது வரும். செல் சோதனை மூலக்கூறின் பெயரைக் கேட்பதில்லை, குளிர்ச்சியைக் கேட்கிறது. 2024ல் கலிஃபோர்னியா சட்டத்தைத் திருத்தியபோதும் குளிர்ச்சி உணர்வையே சுவை என்ற வரையறைக்குள் கொண்டுவந்தார்கள்.

நீலவானம்:
சட்டத்தின் வார்த்தைக்குத் தகுந்த மாதிரிதான் ஆய்வக வேலையும் மாறுகிறது. கனடாவில் 2017 அக்டோபர் முதல் நாடு முழுக்க மெந்தால் சேர்ப்பதே தடை. கேள்வி: சேர்த்தார்களா இல்லையா? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 மே 20 முதல் தடை செய்யப்பட்டது "தனித்துத் தெரியும் சுவை". அதற்கு 2016லேயே பயிற்சி பெற்ற முகர்வோர் குழுவையும் வேதியியல் பரிசோதனையையும் சேர்த்து ஒரு நடைமுறை வகுத்தார்கள். அங்கே எத்தனை மி.கி. என்பதோடு முடிவதில்லை, மூக்கு என்ன சொல்கிறது என்பதும் சாட்சியாகிறது. ஃபில்டர், தாள், குளிகை ஆகியவற்றில் எந்தச் சுவையும் கூடாது என்பது தனிப் பிரிவு.

பிப்பெட்:
"சேர்த்தார்களா இல்லையா" என்பதும் அவ்வளவு எளிதில்லை. அமெரிக்காவில் மெந்தால் இல்லாத சிகரெட்டுகளை அளந்தபோதும் ஒரு சிகரெட்டுக்கு 0.002 முதல் 0.07 மி.கி. வரை மெந்தால் வந்தது. மெந்தால் சிகரெட்டில் சில மி.கி. இருக்கும், அதனால் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது, தீர்ப்புச் சொல்லலாம். ஆனால் அந்த இடைவெளி சுத்தமாக இருப்பதும், நான் சொன்ன அந்த அலமாரி சுத்தமாக இருப்பதைப் பொறுத்ததுதான். கோர்ட்டுக்குப் போகிற சாம்பிள் என்றால், பக்கத்திலேயே மெந்தால் இல்லாத ஒப்பு சிகரெட் ஒன்றும் அதே பாதையில் வர வேண்டும். கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ஒப்பு சிகரெட் இதற்குத் தோதானது. அதில் மெந்தால் ஏறியிருந்தால் அன்றைக்கு எடுத்த எல்லா எண்ணையும் குப்பையில் போட வேண்டும்.

தேன்கூடு:
இந்தியாவில் இந்தச் சோதனை எங்கே செய்ய முடியும்? எங்கள் கல்லூரியில் ஜிசி-எஃப்ஐடி (சுடரில் எரித்து அளவைக் காட்டும் சாதாரண ஜிசி) மட்டும்தான் இருக்கிறது.

கிரோமட்டோ:
2003 புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 11வது பிரிவு நிகோடின், தார் பரிசோதனைக் கூடங்களைப் பற்றித்தான் பேசுகிறது. தேசிய புகையிலைப் பரிசோதனை ஆய்வகங்கள் நொய்டா, மும்பை, குவாஹாத்தி ஆகிய மூன்று இடங்களில் இருக்கின்றன. மெந்தால் சிகரெட்டுக்கு இங்கே தடை கிடையாது. உலகத்துக்கு மெந்தால் அனுப்புவதில் முதல் நாடு நாம்தான், உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கிப் பக்கம் வயல் வயலாகப் புதினா. அந்த நாட்டில் மெந்தால் புகைக்கு ஒரு முறையான கணக்கு எடுக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவதில் தப்பில்லையே.

பிப்பெட்:
தம்பி, ஜிசி-எஃப்ஐடி போதும். சிகரெட்டும் வேண்டாம், மெஷினும் வேண்டாம். மெந்தாலின் இடப்பெயர்ச்சியை மட்டும் காட்டு, அதுதான் இந்த அளவீட்டின் உயிர்நாடி.

நாட்டு மருந்துக் கடையில் புதினா உப்பு கேள், மெந்தால் படிகம் தருவார்கள். ஒரே அளவான மூடிபோட்ட கண்ணாடி ஜாடிகளை எடுத்துக்கொள். ஒவ்வொன்றிலும் எடைபோட்ட வடிதாள், பஞ்சு, கொஞ்சம் தூளாக்கிய கரி, மூன்றையும் ஒன்றையொன்று தொடாமல் வை. நடுவில் சின்னக் கிண்ணத்தில் சம எடை மெந்தால். ஒரு ஜாடியில் மெந்தால் வைக்காதே, அது உன் வெற்று ஒப்பீடு, அதை வேறு அறையில் வை. ஒவ்வொரு நாளும் ஒரு ஜாடியைத் திறந்து, மூன்றையும் தனித்தனியாக ஐசோபுரோப்பனாலில் குலுக்கி, ஹெப்டாடெக்கேனை உள்ஒப்பாக (தெரிந்த அளவில் சேர்த்து ஒப்பிடும் பொருளாக) சேர்த்து ஓட்டு. கரி எவ்வளவு குடிக்கிறது என்று பார்த்தால், கரி ஃபில்டரோடு மெந்தாலைச் சேர்ப்பது ஏன் கஷ்டம் என்று தானே புரியும். கரியிலிருந்து ஐசோபுரோப்பனால் முழுசாக எடுக்காது, அதனால் தெரிந்த அளவு மெந்தாலைக் கரியில் ஏற்றி மீட்பு சதவீதம் பார்த்துவிட்டு அப்புறம் எண்ணை எழுது.

கடைசி ஜாடியை மட்டும் 48 மணி நேரம் திறந்து வைத்துவிட்டு அள.

தேன்கூடு:
நன்றி அண்ணா. திங்கட்கிழமை எச்ஓடியிடம் கேட்டுவிட்டு ஆரம்பிக்கிறேன். குரோமட்டோகிராம்களை இங்கேயே போடுகிறேன். வெற்று ஜாடியில் மெந்தால் பீக் எவ்வளவு வரை வந்தால் ஏற்றுக்கொள்ளலாம்?

பிப்பெட்:
உன் கண்டறியும் வரம்புக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் வந்தால் ஜாடியின் மூடியை மாற்று. ரப்பர் வளையம் மெந்தாலைக் குடிக்கும், டெஃப்ளான் போட்ட மூடி வாங்கு.